டவருக்குப் பொட்டு வைத்த நாள்

அம்மா,

இன்று காலையில் சந்தனம் இழைத்தேன். போன வருஷம் உன் துக்க வருஷம் என்று ஆயுத பூசையை விட்டுவிட்டோம். இந்த வருஷம் தெஹியோவிட்டவில் என் தையல் கடையைக் கழுவித் துடைத்து, மெஷினுக்கு, கத்தரிக்கோலுக்கு, இஸ்திரிப் பெட்டிக்கு என்று வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டே வந்தேன். சுவரில் இருக்கும் மெயின் சுவிட்சுக்கு வைக்கக் கை நீட்டியபோது சந்தன வாசனை மூக்கில் ஏறியது. விரல் அந்தரத்தில் நின்றுவிட்டது. கடையில் என்னோடு தைக்கிற பெண் பயந்துபோய், "என்னக்கா, ஷாக் அடிச்சிருச்சா?" என்று கேட்டாள். இல்லை, எங்க அம்மா ஞாபகம் வந்திருச்சு என்றேன். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று நீயே சொல்லியிருப்பாய்.

நம் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்கு மேலே, ரப்பர் மரங்கள் முடிகிற இடத்தில் இருந்த மொட்டை மேடு இப்போதும் அப்படியே இருக்கிறது. அதில் நின்ற உயரமான கம்பம்தான் இல்லை. அப்போது கம்பத்தின் காலடியில் தகரக் கூரை போட்ட ஒற்றை அறை, சுற்றிலும் முள்கம்பி வேலி. கொழும்பிலிருந்து வந்தவர்கள் அதைப் பீக்கன் என்றார்கள். தோட்டத்தில் எல்லோருக்கும் அது டவர். ரப்பர் பால்வெட்டுக்குப் போன நீ மழைச் சரிவில் வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்ட பிறகு, கரவனெல்ல ஆஸ்பத்திரியில் போட்ட கட்டைப் பிரித்த கையோடு உனக்கு அங்கே லேசான வேலை கொடுத்தார்கள். அறையைப் பெருக்க வேண்டும், கம்பத்தைச் சுற்றிப் புல் வெட்ட வேண்டும், யாரும் மாடு கட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நிலத்துக்கு அடியில் செம்புக் கம்பிகள் ஓடுகின்றன, மாடு கிளறிவிடும் என்று சொல்லியிருந்தார்கள். நீ மாடுகளை மட்டுமா விரட்டினாய்? காற்று வாங்க மேட்டுக்கு வந்த கணக்கப்பிள்ளையையே விரட்டியவள் நீ.

மெஷினைப் பார்த்துக்கொள்ள மாவனல்லையிலிருந்து ஒரு முஸ்லிம் ஆள் வந்தார். உன்னைவிட வயதில் சின்னவர். ஆனாலும் தோட்டமே அவரை நானா, அதாவது அண்ணன், என்று கூப்பிட்டதால் உனக்கும் அவர் நானாதான். டவர் என்ன செய்கிறது என்று நமக்கு விளங்கும்படி சொன்னவர் அவர். மேகத்துக்குள் வருகிற விமானக்காரருக்குக் கீழே மலையா, வயலா என்று ஒன்றும் தெரியாது. அவருக்கு முன்னால் ஓர் ஊசி இருக்கும். நம் மெஷின் ஓயாமல் அனுப்புகிற சத்தத்தைப் பிடித்துக்கொண்டு அந்த ஊசி நம் மேட்டையே காட்டும். மேட்டுக்கு நேர் மேலே வந்ததும் ஊசி பின்பக்கம் புரண்டுவிடும். அவர் அந்த இடத்தில் வைத்துக் கடல் பக்கம் திரும்பி, மலைகளை விட்டு விலகிக் கொழும்புப் பக்கம் இறங்கப் போவார். நம் தலைக்கு மேலே வந்ததும் விமானச் சத்தம் ஏன் வளைந்து போகிறது என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

அறைக்குள் சின்ன ஸ்பீக்கரில் அந்தச் சத்தம் நீட்டியும் குறுக்கியும் கேட்டுக்கொண்டே இருக்கும். அது என்ன சொல்கிறது என்று நீ கேட்டாய்.

"அதுட பேரச் செல்லுது. நான் இன்ன எடத்து டவரென்டு செல்லுது" என்றார் நானா.

"வேற ஒண்ணும் பேசாதா?"

"பேசாது."

நீ இடுப்பில் கை வைத்துக்கொண்டு மெஷினைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். "பாவம் பய. ராவும் பகலும் தன் பேரையே சொல்லிக்கிட்டு நிக்கிறான். தொண்ட வத்திப் போயிராது?" என்றாய். அன்றிலிருந்து மெஷின் உனக்குப் பயலாகிவிட்டது. பெருக்கும்போது அவனோடு பேசுவாய், திட்டுவாய், வீட்டுச் சண்டையை எல்லாம் அவனிடம் ஒப்பிப்பாய். என்னைப் பற்றி அவனிடம் நீ சொன்ன புகார்களை நானாவே எனக்குச் சொல்லியிருக்கிறார்.

அது சண்டைக் காலம். எங்கோ தூரத்தில் ஒரு குண்டு வெடித்தால் நம் லயத்துக் காம்பராக்களில் வீடு வீடாகச் சோதனை நடக்கும். கொழும்புக்கு வேலைக்குப் போன பையன்களைப் பிடித்து வைத்துக்கொண்டால் எப்போது விடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. அட்டை இருந்தவர்களுக்கே அந்தப் பாடு. உனக்கு அடையாள அட்டையே கிடையாது. விமானத்துக்கு வழி காட்டுகிற மெஷின் அறைச் சாவியை ஒரு தமிழ்ப் பொம்பளை சில நேரம் கையில் வைத்திருக்கிறாள் என்பது சிலருடைய கண்ணை உறுத்தியதும் எனக்குத் தெரியும். "அம்மா, அந்தச் சாவியத் தொடாத" என்று நான் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். "ஏன், நான் என்ன பயலத் தூக்கிக்கிட்டு ஓடிறவா போறேன்?" என்று கேட்டு என் வாயை அடைத்துவிடுவாய்.

அந்த வருஷத்து ஆயுத பூசை இன்னும் கண்ணில் நிற்கிறது. பெக்டரியில் ரோலர்களை எல்லாம் நிறுத்திக் கழுவி மாலை போட்டிருந்தார்கள். பால்வெட்டுக் கத்திகளையும் வாளிகளையும் படையலுக்கு முன்னால் அடுக்கியிருந்தார்கள். நீ விடிந்ததிலிருந்து அடுப்படியில் நின்றாய். படைப்பதற்கு முன்னாலேயே நானாவுக்கு ஒரு பங்கு எடுத்து வேறு பாத்திரத்தில் மூடி வைத்தாய். சாமிக்குப் படைத்ததை அவர் சாப்பிடமாட்டார், படைக்காததைச் சாப்பிடுவார் என்று நீயாகவே கண்டுபிடித்து ஒவ்வொரு விசேஷத்துக்கும் அப்படிச் செய்வாய். மத்தியானம் மேட்டுக்குப் போய், "நானா, ஒங்களுக்கு எடுத்து வச்சது ஆறிப் போவுது. வீட்டுல மக இருக்கா, போய்ச் சாப்பிட்டு வாங்க. பயல நான் பாத்துக்கிறேன்" என்று அவரை அனுப்பினாய். வானம் வெளுத்திருந்தது. அந்த நேரத்தில் விமானம் போகிற வழக்கமும் இல்லை. அவர் சாவியை உன்னிடம் விட்டுவிட்டு இறங்கி வந்தார்.

பிறகு நடந்ததை நீ சொல்லித்தான் அறிந்தேன். மெஷினைத் துடைத்தாய். பொட்டு வைக்கக் குனிந்தபோதும் அவன் தன் பேரைச் சொல்லிக்கொண்டே இருந்தான். உனக்கு மனசு கேட்கவில்லை. பெக்டரியில் அத்தனை மெஷினும் நிற்கிறது, கத்திகூடப் படுத்துத் தூங்குகிறது, இவன் மட்டும் என்ன பாவம் செய்தான்? ஓடிக்கொண்டிருக்கிற மெஷினுக்கு யாராவது பூசை செய்வார்களா? பெரிய சுவிட்சைக் கீழே இழுத்தாய். சத்தம் நின்றது. சந்தனமும் குங்குமமும் வைத்து, கற்பூரம் காட்டி, "நானா வர்ற வரைக்கும் கொஞ்சம் சும்மா இருடா" என்று சொல்லிவிட்டு, கதவைப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு, விபூதி வாங்கப் பெக்டரிக்கு இறங்கிவிட்டாய்.

நம் பக்கத்து வானத்தைத்தான் உனக்குத் தெரியுமே. நானா வடையைப் பிட்டு வாயில் போடும்போது வெயில் அடித்தது. சோற்றைப் பிசையும்போது இருட்டிக்கொண்டு வந்தது. மேட்டு உச்சி மேகத்துக்குள் போய்விட்டது. அப்போது மேலே சத்தம் கேட்டது. வழக்கமில்லாத நேரத்தில் ஒரு விமானம். நம் தலைக்கு மேலே வந்தது. வளையவில்லை. நேராக மலைப் பக்கம் போய்த் தேய்ந்தது. மறுபடி வளர்ந்து திரும்பி வந்தது, மறுபடியும் போனது. நானா பிசைந்த சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"தேடுது. நம்மளத்தான் தேடுது" என்றார்.

கை கழுவாமலே மேட்டுக்கு ஓடினார். நான் உன்னைக் கூப்பிடப் பெக்டரிப் பக்கம் ஓடினேன். பாதி வழியிலேயே நீ எதிரே வந்தாய். உனக்கும் அந்தச் சத்தம் கேட்டிருந்தது. நெற்றியில் விபூதி, முகத்தில் ரத்தமே இல்லை. "பயல அணைச்சுட்டேன்டி, பயல அணைச்சுட்டேன்" என்று சொல்லிக்கொண்டே என்னைத் தாண்டி ஓடினாய். அந்த வயதில், அந்தக் கையோடு, நீ அப்படி ஓடுவாய் என்று நான் நினைத்ததே இல்லை.

மழை பிடித்துக்கொண்டது. பூட்டிய கதவுக்கு முன்னால் நானா நின்றார். நீ முந்தானை முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாய், நனைந்து இறுகியிருந்தது. நான் பிடுங்கிப் பார்த்தேன், எனக்கும் வரவில்லை. "மன்னிச்சிக்கோங்க அம்மா" என்று சொல்லிவிட்டு நானா உன் முந்தானை நுனியைப் பிடித்துப் பல்லால் கடித்து அவிழ்த்தார். பிற்பாடு இதைச் சொல்லிச் சொல்லி நாம் எவ்வளவு சிரித்தோம். அந்த நேரத்தில் மூன்று பேருக்கும் மூச்சே இல்லை.

சுவிட்சை மேலே தள்ளினார். பழைய காலத்து மெஷின், தள்ளியதும் பேசிவிடாது, சூடாக வேண்டும். சூடாகிவிட்டதா என்று காட்டுகிற கண்ணாடியின் நட்டநடுவில் உன் பொட்டு. சின்னப் பொட்டா வைத்திருந்தாய்? நானா சட்டைக் கையால் துடைத்தார், குங்குமம் பரவிக் கண்ணாடி முழுக்கச் சிவந்தது. "என்னத்தச் செஞ்சி வச்சீக்கிறீங்க!" என்று கத்தினார். அவர் கத்தி அன்றைக்குத்தான் கேட்டேன். மேலே சத்தம் முன்னைவிடத் தாழ்வாக வந்தது. தகரக் கூரை அதிர்ந்தது. நீ மெஷினுக்கு முன்னால் போய் நின்றாய்.

"பேரச் சொல்லுடா" என்றாய். "சொல்லுடா ராசா."

கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னான். முதலில் கரகரவென்று, பிறகு தெளிவாக, நீட்டியும் குறுக்கியும் தன் பேரைச் சொன்னான். மேகத்துக்குள் அந்தச் சத்தம் இன்னும் ஒரு தடவை நம் தலைக்கு மேலே வந்தது. வந்து, வளைந்து, கடல் பக்கம் போனது. நானா அறையில் இருந்த டெலிபோனையே பார்த்துக்கொண்டு நின்றார். அது அடித்தபோது சிங்களத்தில் இரண்டு வார்த்தை கேட்டு, பிறகு நம் பக்கம் திரும்பி, "எறங்கிட்டுது. எல்லாரும் நல்லா ஈக்கிறாங்க" என்றார். நீ தரையில் உட்கார்ந்து அழுதாய். எனக்குச் சிரிப்பு வந்தது. நெஞ்சிலிருந்து ஒரு பாறையை எடுத்து வைத்ததுபோல் இருந்தது.

அந்தச் சிரிப்பு அதிக நேரம் நிலைக்கவில்லை. ஏன் நின்றது என்று டெலிபோனில் கேட்டார்கள். நானா டெலிபோனின் வாயைப் பொத்திக்கொண்டு நம்மிடம், "மின்னலென்டு செல்லலாம். ஆனா வந்து பாப்பாங்க. பொய்யில மாட்டினா அம்மாக்குத்தான் கூட ஆபத்து" என்றார். நடந்ததை நடந்தபடி சொன்னார். சாவியைக் கொடுத்தவன் நான்தான், சாப்பிடப் போனவனும் நான்தான் என்பதையும் சேர்த்துச் சொன்னார். அப்போது எனக்கு அவர் மேல் கடும் கோபம். மறுநாள் காலை பொலிஸ் ஜீப் லயத்து வாசலில் வந்து நின்றபோது அந்தக் கோபம் பயமாக மாறிவிட்டது. உன்னை ஏற்றினார்கள். யாரும் கூப்பிடாமலே நானாவும் ஏறி உன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அன்று நீ வரவில்லை. லயத்துப் பெண்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்து ஆறுதல் சொன்னார்கள். ஆறுதல் சொன்னபோதே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், அதுதான் என்னைக் கொன்றது. விமானத்தை விழுத்தப் பார்த்தவள் என்று எழுதிவிட்டால் உன்னை எந்த ஊருக்குக் கொண்டுபோவார்கள், யாரிடம் போய்க் கேட்பது, எந்த மொழியில் கேட்பது? பொலிசுக்குப் போனேன், உள்ளே விடவில்லை. வாசல் பெஞ்சில் நானா உட்கார்ந்திருந்தார். "அம்மா உள்ளுக்குச் சும்மாதான் ஈக்கிறாங்க. அவங்க வராம நான் இந்த எடத்த விட்டு எழும்ப மாட்டேன். நீங்க வீட்டுக்குப் போங்க" என்றார். நான் போனேன். அவர் எழும்பவில்லை.

அடுத்த நாள் ஜீப் நேராக மேட்டுக்கு ஏறியது. கொழும்பிலிருந்து மூக்குக்கண்ணாடி போட்ட பெரிய அதிகாரி ஒருவர் வந்திருந்தார். தோட்டமே வேலிக்கு வெளியே நின்றது. அன்று செய்ததை அப்படியே செய்து காட்டச் சொன்னார். நீ துடைத்தாய், குனிந்தாய், பொட்டு வைப்பதுபோல் காட்டினாய். சுவிட்சுக்குக் கிட்டே கை போனதும் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, "இத மட்டும் இனி தொடமாட்டேன் மாத்தயா" என்று சிங்களத்தில் சொன்னாய். ஏன் அணைத்தாய், யார் சொல்லி அணைத்தாய் என்று அவர் கேட்டார்.

"எயாடத் விவேகயக் ஓன நே, மாத்தயா" என்றாய். அவனுக்கும் ஓய்வு வேண்டுமே ஐயா என்று. அதோடு விட்டாயா? உன்னைக் கூட்டிவந்த சார்ஜன்ட்டைக் கையால் காட்டினாய். அவரும் அதே பழக்கக்காரர்தான், என்னை ஏற்றிப் போகும்போது ரோட்டு வளைவுக் கோயிலில் ஜீப்பை நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டுத்தான் கும்பிட்டார், எஞ்சின் ஓட ஓட அவர் கும்பிடவில்லை என்று சொன்னாய். எனக்கு உயிரே போய்விட்டது. அதிகாரி சார்ஜன்ட்டைப் பார்த்தார். சார்ஜன்ட் தன் காலில் இருந்த சப்பாத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "ஒவ் சேர்" என்று ஒப்புக்கொண்டார்.

முதலில் சிரித்தது அதிகாரிதான். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, இனி அறைக்குள் கால் வைக்கக்கூடாது, வெளி வேலை மட்டும்தான் என்று கண்டித்தார். நானாவை ஓரமாகக் கூட்டிப்போய் இன்னும் பலமாகக் கண்டித்தார். பிறகு உன்னைப் பார்த்து வீட்டுக்குப் போகச் சொன்னார். நீ அசையாமல் நின்று, கதவுக்கு வெளியே பொட்டு வைக்கலாமா என்று கேட்டாய். உன் வாயைப் பொத்த எனக்குக் கை எட்டவில்லை. அவர் தலையை ஆட்டிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

வீட்டுக்கு வந்து நீ செய்த முதல் காரியம் கோழிகளைத் திறந்துவிடவில்லை என்று என்னைத் திட்டியது. அவ்வளவு இனிப்பான திட்டு என் காதில் அதற்கு முன்னும் விழுந்ததில்லை, பின்னும் விழுந்ததில்லை. பீலித் தண்ணீரில் குளித்துவிட்டு வந்து தேயிலைச் சாயத்தண்ணி குடிக்கும்போது மேலே ஒரு விமானம் வந்தது. கோப்பையைக் கீழே வைத்தாய். லயமே வாசலுக்கு வந்து அண்ணாந்தது. உன் காது கொஞ்சம் மந்தம். என் கையைப் பிடித்துக்கொண்டு, "திரும்பிருச்சா?" என்று கேட்டாய்.

"திரும்பிருச்சும்மா" என்றேன். அதற்குப் பிறகுதான் மிச்சத்தைக் குடித்தாய்.

அது உனக்குப் பழக்கமாகிவிட்டது. புல் வெட்டும்போதும், விறகு கட்டும்போதும், என்னைப் பெண் பார்க்க வந்தவர்களோடு பேசிக்கொண்டிருந்தபோதும்கூட, மேலே சத்தம் கேட்டால் வேலை நின்றுவிடும். திரும்பிவிட்டது என்று யாராவது சொன்னால்தான் அடுத்த காரியம். நானா வேறு ஊருக்கு மாறிப் போன பிறகும் ஆயுத பூசைக்கு முன்னால் தோட்டத்து ஆபீசுக்குப் போன் எடுத்து, "அம்மாட்ட செல்லுங்க, சுவிட்சுல கை வைக்க வேணாமென்டு" என்று சொல்லி அனுப்புவார். நீ பதிலுக்கு, முந்தானையைக் கடித்த பல் எப்படி இருக்கிறது என்று கேட்டு அனுப்புவாய்.

பிறகு ஒரு நாள் லொறி வந்தது. விமானங்களுக்கு இனி வேறு புதுக் கருவிகள் வழி காட்டுமாம், நம் மேடு வேண்டியதில்லையாம். கம்பத்தைக் கழற்றினார்கள். மெஷினைத் தூக்கி லொறியில் வைத்தபோது நீ சந்தனக் கிண்ணத்தோடு போய் நின்றாய். ஒருவரும் தடுக்கவில்லை. பெரிதாக ஒரு பொட்டு வைத்து, "இனி தூங்குடா பயலே" என்றாய். நீ அழுவாய் என்று நினைத்து உன் பின்னால் வந்தேன். நீ அழவில்லை. இறங்கி வரும்போது, "அப்பாடா" என்று சொன்னாய். அவனுக்காகச் சொன்னாயா, உனக்காகச் சொன்னாயா என்று நான் கேட்கவில்லை.

கரவனெல்ல ஆஸ்பத்திரியில் உன் கடைசிப் பகலிலும் ஒரு விமானம் போனது. நீ கண்ணைத் திறக்காமலே என் கையைத் தேடினாய். அது வளையாமல் நேராகப் போய்க்கொண்டிருந்தது. "திரும்பிருச்சும்மா" என்றேன். உன் விரல்கள் தளர்ந்தன. முகத்தில் எனக்குப் பழக்கமான அந்த நிம்மதி வந்தது. அதோடு நீ தூங்கினாய்.

இன்றைக்கு மெயின் சுவிட்சுக்கும் பொட்டு வைத்தேன் அம்மா, அணைக்காமல். வைத்து முடிக்கும்போது கடைக்கு மேலே சத்தம் கேட்டது. சந்தன விரலோடு வாசலுக்கு வந்து நின்றேன். சத்தம் தேய்கிற வரைக்கும் நிற்காமல் என்னாலும் இப்போது வேலை செய்ய முடிவதில்லை. உள்ளேயிருந்து அந்தப் பெண், "என்னக்கா பாக்குறீங்க?" என்றாள். அவளுக்குப் பதில் சொல்லவில்லை. உனக்குத்தான் சொன்னேன்.

இப்ப எதுவும் இங்க வந்து திரும்புறதில்லம்மா. திரும்பாமலே போய் பத்திரமா எறங்கிருதுங்க. நீ தூங்கு.